வீட்டுப் பசுமைக்குடில் (பிரிட்டன்)

வீட்டுப் பசுமைக்குடில் என்பது தோட்டத்து மூலையில் காய்கறி வளர்ப்பதற்காக அமைக்கப்படும் சிறிய கண்ணாடி அறை. பிரிட்டனில் பரவலாகக் காணப்படுவது 8 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட அலுமினியச் சட்டக் குடில். தக்காளி, வெள்ளரி, மிளகாய், கத்தரி ஆகியவை இதன் முதன்மைப் பயிர்கள். அந்நாட்டில் கோடை குறுகியது. பல பகுதிகளில் மே மாதத்திலும் உறைபனி விழும். வெயில் விரும்பும் இந்தச் செடிகளுக்குக் குடில் இருந்தால்தான் காய்த்துப் பழுக்கும் அளவுக்குக் காலம் கிடைக்கும்.

தோட்டக்கலை நூல்கள் குடிலைச் சூடேற்றுவதை ஓர் அத்தியாயத்திலும் பூச்சிகளை வேறோர் அத்தியாயத்திலும் வைப்பது வழக்கம். நடைமுறையில் இவற்றைப் பிரிக்க முடியாது. குளிர்காலத்தில் செலவழித்துத் தரும் வெப்பத்தைச் செடி எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறதோ, அப்படியே பூச்சியும் பயன்படுத்திக்கொள்கிறது. குடிலை எத்தனை டிகிரியில் வைப்பது என்று முடிவு செய்பவர், வசந்தத்தில் எத்தனை பூச்சிகளைச் சந்திக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக் குடில் செல்வந்தரின் உடைமை. பிரிட்டனில் கண்ணாடிக்கு எடையின்படி தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. 1845இல் அது நீக்கப்பட்ட பிறகே நடுத்தரக் குடும்பங்களுக்குக் குடில் எட்டியது. அதற்கு முன்பும் பின்பும் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தை நம்பினார்கள். புதுச் சாணத்தையும் வைக்கோலையும் குவித்தால் சில நாட்களில் கைபொறுக்காத அளவுக்குச் சூடேறும். சூடு தணிந்ததும் மேலே மண் பரப்பி வெள்ளரியும் முலாம்பழமும் விதைத்தார்கள். கார்ன்வால் பகுதியிலுள்ள ஹெலிகன் தோட்டத்தில், சாணச் சூட்டில் அன்னாசி விளைவித்த பழைய குழி மீட்டெடுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல் அரசு நடத்திய ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ இயக்கம், புல்தரைகளையும் பூங்காக்களையும் காய்கறிப் பாத்திகளாக்கி, வீட்டுத் தோட்டத்தை எல்லா வர்க்கத்தாரின் பழக்கமாக்கியது.

வெப்பக் கணக்கு

ஒற்றைக் கண்ணாடியின் 1 சதுர மீட்டர் பரப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருக்கும்போது ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை இழக்கிறது. 8க்கு 6 அடிக் குடிலின் சுவரும் கூரையும் சேர்ந்தால் சுமார் 20 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 5 டிகிரி இருக்கும் இரவில் உள்ளே 5 டிகிரியை நிலைநிறுத்த 1,200 வாட் வேண்டும். அதே இரவில் 18 டிகிரி கேட்டால் 2,760 வாட். 14 மணி நேர இரவுக்கு முதலாவது ஏறக்குறைய 17 யூனிட் மின்சாரம். இரண்டாவது 39 யூனிட். இடுக்குகளில் புகும் காற்று இந்தக் கணக்கில் சேரவில்லை.

செலவில்லாமல் சூடேற்றுவதாகச் சொல்லப்படும் உத்திகளை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். மண்சட்டியைக் கவிழ்த்து அதன் அடியில் எரியவிடும் சிறு மெழுகுவர்த்தி தருவது 30 முதல் 40 வாட். சட்டி அதைக் கூட்டுவதில்லை. வெயிலில் சூடேறிய 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் இரவில் 5 டிகிரி குளிர்ந்தால் மொத்தம் 1 யூனிட்டுக்குச் சற்று அதிகமாக வெப்பம் விடும். இலையுதிர்காலத்தின் மிதமான இரவுகளில் பீப்பாய் உதவும். ஜனவரி உறைபனியில் அதை நம்பிச் செடியை விட்டுவைப்பது செடியைப் பலி கொடுப்பதாகும்.

மண்ணெண்ணெய் ஹீட்டர் மின் இணைப்பு இல்லாத குடில்களில் நெடுங்காலம் பயன்பட்டது. ஆனால் 1 லிட்டர் எண்ணெய் எரிந்தால் 1 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாகக் குடிலுக்குள் இறங்குகிறது. குளிர்ந்த கண்ணாடியில் அது துளிகளாகப் படிந்து இலைமேல் சொட்ட, சாம்பல் பூசணம் பற்றிக்கொள்ளும். திரி சரியாக எரியாவிட்டால் வரும் புகை தக்காளி இலையைச் சுருட்டிவிடும். மூடிய அறையில் ஆளுக்கும் ஆபத்து. காற்றுப்போக்கியைச் சிறிது திறந்தே வைக்க வேண்டியிருப்பதால் சூட்டின் ஒரு பங்கு வெளியே போகிறது. மின் இணைப்புக்கு வழியிருந்தால் தெர்மோஸ்டாட் பொருத்திய விசிறி ஹீட்டரே சிறந்தது. காற்றை அசைத்துக்கொண்டே இருப்பதால் பூசணமும் குறையும்.

ஹீட்டர் வாங்குமுன் செய்ய வேண்டியது குடிலின் உட்புறம் குமிழ்த்தாள் ஒட்டுவது. வெப்ப இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது தடுக்கும். வெளிச்சம் சற்றுக் குறையும் என்பதால் மார்ச்சில் கழற்றிவிட வேண்டும். விதை முளைக்க 20 டிகிரிக்கு மேல் தேவைப்படும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் குடில் முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. விதைத்தட்டின் அடியில் ஒரு சூடேற்றும் விரிப்பு வைத்தால் போதும். அதற்கு ஒரு பழைய குண்டு பல்பின் மின்சாரம்கூட ஆகாது. காற்றை 5 டிகிரியிலும் வேரை மட்டும் 20 டிகிரியிலும் வைப்பதே சிறு குடிலுக்கு ஏற்ற முறை. நாற்று வெளிவந்து வளரும் வாரங்களில் அதை வீட்டு ஜன்னலோரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பூச்சிகள்

குடிலின் பேர்பெற்ற பகைவன் வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக அமர்ந்து சாறுறிஞ்சும். செடியைத் தொட்டால் பொடி தூவியதுபோல் பறக்கும். அது வெளியேற்றும் தித்திப்பான கழிவு இலைமேல் படிந்து கரும்பூசணத்துக்கு இடமாகிறது. ஒரு பெண் ஈ 200க்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். 21 டிகிரியில் மூன்று, நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கும். முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் மருந்து எளிதில் உறைப்பதில்லை. அதனால்தான் ஒருமுறை தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் பத்து நாளில் மீண்டும் அதே கூட்டத்தைப் பார்க்கிறார்.

இந்த ஈயைக் கட்டுப்படுத்திய கதை குடில் வேளாண்மையின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. 1926இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தக்காளி விளைவித்த ஒருவர், வெள்ளை ஈயின் குஞ்சுகள் சில கறுத்துக் கிடப்பதைக் கவனித்து, செஷன்ட் ஆய்வு நிலையத்துக்குத் தெரிவித்தார். அங்கிருந்த இ. ஆர். ஸ்பையர் அவற்றிலிருந்து வெளிவந்த குளவியை ஆராய்ந்தார். அது என்கார்சியா ஃபார்மோசா, நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, மனிதரைக் கொட்டாது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும். சில ஆண்டுகளில் அந்த நிலையம் ஆண்டுக்கு 15 லட்சம் குளவிகளை விவசாயிகளுக்கு அனுப்பியது. போருக்குப் பிறகு டி.டி.டி. போன்ற மருந்துகள் வந்ததும் குளவி மறக்கப்பட்டது. ஈக்கள் மருந்துக்கு மசியாமல் போன பின், 1970களில் அது மீண்டும் அழைக்கப்பட்டது. இன்று வீட்டுத் தோட்டக்காரரும் அட்டையில் ஒட்டிய கறுப்புக் கூட்டுப்புழுக்களைத் தபாலில் வாங்கிக் கிளையில் தொங்கவிடலாம்.

ஆனால் குளவிக்கு ஏறத்தாழ 18 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளை ஈ அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் பெருகும். குடிலை 10, 12 டிகிரியில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் பசும்செடி வளர்ப்பவர், ஈ வாழவும் குளவி செயலற்றுக் கிடக்கவும் ஏற்ற இடைநிலையை உருவாக்குகிறார். இதுவே மிக மோசமான வெப்பநிலை. உறைபனி தாக்காத அளவோடு நிறுத்துவது, அல்லது செலவைத் தாங்க முடிந்தால் குளவி இயங்கும் அளவுக்கு உயர்த்துவது என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு முதலாவதே பொருந்தும்.

செஞ்சிலந்திப் பேன் வெப்பத்தோடு பிணைந்திருப்பதை எண்களிலேயே காணலாம்: முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு 10 டிகிரியில் 55 நாட்கள், 21 டிகிரியில் 12 நாட்கள். பகல் குறுகும்போது பெண் பேன்கள் செந்நிறமாகிச் சட்ட இடுக்குகளில் உறங்கிவிடும். குடிலைக் காயவிடாமல் தரையில் நீர் தெளிப்பதும், இதை வேட்டையாடும் ஃபைட்டோசீலஸ் என்ற பேனை விடுவதும் கோடைகால வழிகள். சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் 1950களின் இறுதியில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது இந்த வேட்டைப் பேன்.

அசுவினியைக் கையால் நசுக்கலாம், நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். ஓடற்ற நத்தைகளுக்கு முன்பு தூவிய மெட்டால்டிஹைடு குருணை 2022 முதல் பிரிட்டன் தோட்டங்களில் தடை செய்யப்பட்டுள்ளது. பறவைகளும் முள்ளெலிகளும் அதனால் இறந்தன. அதற்குப் பதிலாக மண்ணில் ஊற்றும் நூற்புழுக்கள், மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை செய்யும்.

குளிர்கால ஓய்வு

வெள்ளை ஈ உயிருள்ள இலையின்றி நெடுநாள் வாழாது. நவம்பரில் கடைசித் தக்காளிக் கொடியையும் களையையும் பிடுங்கி, கண்ணாடியையும் சட்ட இடுக்குகளையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, சில வாரங்கள் குடிலை வெறுமையாகக் குளிரவிடுவது எந்த மருந்தையும்விடப் பலன் தருவது. ஹீட்டரை ஏற்றாத இந்த வாரங்களுக்குச் செலவும் இல்லை. ஆண்டு முழுவதும் ஏதாவது பசுமையாக நிற்க வேண்டும் என்ற ஆசையால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் குடிலைவிட்டு வெளியேற்ற மனம் வராத செடி கறிவேப்பிலை. 5 டிகிரியில் அது பிழைத்தாலும் இலையை உதிர்த்துவிடும். குளிர்காலத்தில் அதற்கு ஏற்ற இடம் வீட்டினுள் வெயில் படும் ஜன்னல். வெளிநாட்டிலிருந்து கன்றையோ குச்சியையோ பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லக் கூடாது. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியில் வாழும் ஒருவகைத் தத்துப்பூச்சி, எலுமிச்சைத் தோப்புகளை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்புகிறது. தாவர நலச் சான்று இல்லாத செடியைக் கொண்டுவர பிரிட்டன் சட்டமும் அனுமதிப்பதில்லை. உள்ளூர் நாற்றங்காலில் வாங்கிய செடியையும் சில வாரங்கள் மற்றவற்றிலிருந்து தள்ளிவைத்து, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே குடிலுக்குள் சேர்க்க வேண்டும். கறிவேப்பிலை இலையுதிர்ந்து நிற்கும் மாதங்களில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பின் சிறிது நீர் ஊற்றினால் போதும்; புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.