நெய்குவான் (குத்தூசிப் புள்ளி)

நெய்குவான் என்பது சீன மரபு மருத்துவத்தில் பயன்படும் குத்தூசி (அக்குபங்சர்) புள்ளிகளுள் ஒன்றாகும். இது முன்கையின் உட்பக்கத்தில் உள்ளது. இதய உறை நாளத்தின் 9 புள்ளிகளுள் 6-ஆவது என்பதால் பன்னாட்டுப் பெயரிடலில் இது பிசி 6 எனக் குறிக்கப்படுகிறது. பண்டைய நூலில் நெஞ்சுவலிக்கு உரியதாகக் கூறப்பட்ட இப்புள்ளி, இன்று குமட்டலையும் வாந்தியையும் தணிக்கும் புள்ளியாகவே பரவலாக அறியப்படுகிறது.

பெயரும் அமைவிடமும்

சீன மொழியில் 'நெய்' என்றால் உள். 'குவான்' என்றால் கணவாய் அல்லது எல்லை வாயில். முன்கையின் வெளிப்பக்கத்தில் இதற்கு நேர் எதிரே உள்ள புள்ளி வாய்குவான், அதாவது வெளிவாயில் எனப்படுகிறது.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி 2 சுன் தொலைவில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் அமைந்துள்ளது. சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலத்தைக் கொண்டு கணக்கிடப்படும் அளவு. இவ்விடத்தின் அடியில் நடுநரம்பு செல்வதால் ஊசியை ஆழமாகச் செலுத்துவது நரம்பைப் பாதிக்கக்கூடும்.

பண்டைய நூல்களில்

மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் ஹுவாங்டி நெய்ஜிங் நூலின் லிங்ஷூ பகுதியில் நெய்குவான் குறிப்பிடப்படுகிறது. மணிக்கட்டிலிருந்து 2 சுன், இரு தசைநாண்களுக்கு இடையே என்னும் அதே அமைவிடம் அங்கேயே தரப்பட்டுள்ளது. நாளத்தில் மிகை ஏற்பட்டால் நெஞ்சுவலி வரும் என்று அந்நூல் கூறுகிறது. அவ்விடத்தில் வாந்தி பற்றிய பேச்சு இல்லை.

பிற்கால மரபில் இது எட்டுச் சந்திப்புப் புள்ளிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. காலில் உள்ள கொங்சுன் புள்ளியுடன் இணைத்து இதயம், மார்பு, இரைப்பை ஆகியவற்றின் நோய்களுக்குப் பயன்படுத்தப்பட்டது. இவ்வாறு வயிற்று நோய்களும் இதன் பயன்களில் இடம்பெற்றன.

நவீன ஆய்வுகள்

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ, 1980-களில் இப்புள்ளியை மருத்துவமனைச் சூழலில் சோதித்தார். இவரும் இவருடைய குழுவினரும் சிறிய அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு 1986-இல் வெளிவந்தது. நெய்குவானில் ஊசியிடப்பட்டவர்களிடம் வாந்தி குறைந்திருந்தது; போலிப் புள்ளியில் இடப்பட்டவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்தால் ஊசியின் பயன் மறைகிறது என்று 1991-இல் அவர் தெரிவித்தார். இது நரம்பு வழியாகவே விளைவு ஏற்படுகிறது என்னும் கருத்துக்கு வலுவூட்டியது.

2015-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு 59 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 7,667 பேரையும் கணக்கில் எடுத்தது. போலிச் சிகிச்சையைவிட நெய்குவான் தூண்டல் அறுவைக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் குறைக்கிறது என்பது அதன் முடிவு. எனினும் அந்தச் சான்றின் தரம் குறைவு என்றும் அது மதிப்பிட்டது.

பயன்பாடும் எல்லையும்

ஊசி இல்லாமல் விரலால் அழுத்தியும் இப்புள்ளி தூண்டப்படுகிறது. சிறு குமிழ் பதித்த மணிக்கட்டுப் பட்டைகள் பயணக் குமட்டலுக்காக விற்கப்படுகின்றன; ஆனால் பயணக் குமட்டல் குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

நெய்குவானின் மிகப் பழைய பயனாகிய நெஞ்சுவலித் தணிப்புக்கு, வாந்திக்கு உள்ள அளவு ஆய்வுச் சான்று இல்லை. நெஞ்சுவலி மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் இப்புள்ளியை அழுத்திக்கொண்டு காத்திருப்பது உயிருக்கு ஆபத்தானது. உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவை.