தரங்கம்பாடித் தாள்களும் உகாய் மரமும்

பூம்புகாரையும் அதற்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியையும் காவிரிநாட்டின் நெல்வயல்களோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். பாலைநிலத்துப் புதர் ஒன்று இந்தச் சோழமண்டலக் கரைக்கும் உரியது என்றால் வியப்பாக இருக்கும். அதுதான் உகா. பழம்பெயர் உகாய். அரபு நாடுகளில் பல்துலக்க மிஸ்வாக் குச்சி தருவதும் இதே இனம்தான். வறட்சியைத் தாங்குவதுபோல் உப்பையும் தாங்கும். ஆகவே கழிமுகத்து உவர்மண்ணிலும் வேர்பிடிக்கும்.

குறுந்தொகையின் 274ஆம் பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. அதில் உகாயின் அடிமரத்துக்குப் புறாவின் முதுகும், கனிக்கு இறாலின் முட்டையும் உவமைகள். பாலையைப் பாடியவர் கடலிலிருந்து உவமை எடுத்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. இருநிலத்திலும் இம்மரத்தைக் கண்டவரின் சொல்லாகவே எனக்குப் படுகிறது.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு சால்வடோரா பெர்சிகா என்ற பெயரைப் பதிவுசெய்தார். முற்பகுதி பார்சிலோனாவைச் சேர்ந்த சால்வடார் என்பவரையும், பிற்பகுதி பாரசீகத்தையும் சுட்டும். சோழமண்டலக் கரை அந்தப் பெயரில் இல்லை.

லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். ஊர் அப்போது டேனியர் வசம் இருந்தது. செடியைப் பறித்து, தாள்களுக்கு நடுவே அழுத்தி, உலர்த்தி, பெயரெழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பும் வழக்கம் இக்கரையில் அவரால் வலுப்பட்டது. கேட்க எளிதாகத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாளைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது எவ்வளவு பாடு என்பது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1776இல் வந்த பாதிரியார் ரோட்லர் அப்பணியைத் தொடர்ந்தார். 1799–1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் கண்ட செடிகளைக் குறித்துவைத்தார். அவருடைய தாள்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தன. தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. செடியையும் சொல்லையும் ஒருவரே சேர்த்தது நம் மொழிக்குக் கிடைத்த பேறு.

உகாவின் படம் 1795இல் தொடங்கிய ராக்ஸ்பரோவின் கோரமண்டல் (சோழமண்டலக் கரை) தாவர நூலில் உள்ளது. பின்பு நாகப்பட்டினத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்டின் பெயரை, தென்னிந்திய, இலங்கை உகாவுக்கு இட்டனர். 1858–64இல் வெளிவந்த த்வெயிட்ஸின் இலங்கைத் தாவர நூல் அதைத் தனி இனமாகவே கொண்டது. கியூவின் வெர்ட்கோர்ட் 20ஆம் நூற்றாண்டில் அதைப் பெர்சிகாவின் ஒரு வகையாக மாற்றினார். நம் கரையின் உகா வேறா, ஒன்றா என்ற கேள்வி உலர்ந்த இலைகளை அருகருகே வைத்துத்தான் ஆராயப்பட்டது.

ஆனால் இந்தப் பழந்தாள்களில் பெருங்குறை ஒன்று உண்டு. அக்காலத் தாள்கள் பலவற்றில் இடம் என்று ஒரு துறைமுகத்தின் பெயரோ, கரையின் பெயரோ மட்டுமே இருக்கும். எந்த ஆற்றுமுகம், எந்த மணல்மேடு என்று இராது. கடல் அரித்த, சுனாமி புகுந்த, சவுக்கு நட்ட இந்தக் கரையில் உகா எங்கெங்கே இருந்தது, எங்கே அழிந்தது என்று சொல்ல அவை போதா. இக்குறையின்றிச் சேர்ப்பதற்கு முன்மாதிரி நம்மிடம் உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம், தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களை முறையாகச் சேர்த்து இத்துறைக்கு வழிகாட்டியது.

மயிலாடுதுறை மாவட்டத் தாவரவியல் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூம்புகார் முதல் தரங்கம்பாடி வரை நடந்து தேடுங்கள். உகாவைக் கண்டால் சிறு கிளை ஒன்றை மட்டும் எடுத்து உலர்த்துங்கள். தாளின் மூலையில் ஊர், வாய்க்கால், மண், தேதி ஆகியவற்றோடு அங்குள்ள பெரியவர் சொல்லும் பெயரையும் எழுதுங்கள். ஒரு படியைத் திருச்சிக்கும் அனுப்புங்கள்.