கையளிக்கும் வேளை

வைத்தியசாலையில் உயிர்கள் வீணே போவதற்கு நோயின் கொடுமையையும் மருந்தின் பற்றாக்குறையையும் நாம் காரணங்களாகக் கூறிவருகிறோம். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. ஒருவர் கடமை முடித்துச் செல்ல, மற்றொருவர் கடமை ஏற்கும் அந்தச் சில நிமிடங்களில், சொல்லவேண்டிய செய்தி சொல்லப்படாமற் போவதே அது. இச் சில நிமிடங்களின் வரலாறு உழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகையாகவே நாம் அறிவோம். கிரிமியப் போரின்போது, 1854இல், ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையிற் பணிபுரியச் சென்ற அவர், அங்கு கருணைக்கு இருந்த பஞ்சத்தோடு ஒழுங்குக்கு இருந்த பஞ்சத்தையும் கண்டார். 1859இல் தாதிப்பணி பற்றி அவர் எழுதிய நூலில், சில்லறை நிருவாகம் குறித்து ஓர் அத்தியாயமே உண்டு. தாம் இருக்கும்போது செய்வது தாம் இல்லாதபோதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்யத் தெரியாவிடின், நல்ல தாதிப்பணியின் பயன் யாவும் பாழாகும் என்பது அதன் சாரம். உலகம் விளக்கைப் போற்றியது, அத்தியாயத்தை மறந்தது.

அந்த மறதியின் விளைவை அமெரிக்காவிற் காண்கிறோம். அங்கே பயிற்சி வைத்தியர்கள் தொடர்ந்து 36 மணி நேரம் கண்விழித்து உழைப்பது பெருமைக்குரிய மரபாகக் கருதப்பட்டது. மலிவான உழைப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1984இல் நியூயோர்க் நகர வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட 18 வயது மாணவி சில மணி நேரத்தில் மரணமானார். 1986இல் இதை விசாரித்த பெருஞ்சூரர் சபை, வைத்தியர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டவில்லை. நீண்ட வேலை நேரத்தையும் போதிய மேற்பார்வையின்மையையுமே கண்டித்தது. 1989இல் நியூயோர்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி என எல்லை வகுத்தது. 2003இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

பழைய மரபின் காவலர்கள் சும்மா இருக்கவில்லை. வேலை நேரம் குறைந்தால் நோயாளர் கைமாறும் தடவைகள் பெருகும், ஆபத்தும் பெருகும் என்றார்கள். இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. வேறு குழுவைச் சேர்ந்த வைத்தியரின் பொறுப்பில் நோயாளர் இருக்கும் வேளைகளில், தடுக்கக்கூடிய தீங்குகள் மிகுதியாக நேர்வதை 1994இல் வெளியான பொஸ்ரன் ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. ஆனால் அதே நகரத்தில், 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பழைய நீண்ட முறையில் வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையிலும் பார்க்க 36 சதவீதம் அதிகமான பாரதூரமான தவறுகளைச் செய்ததைக் காட்டிற்று. ஆகவே, ஓய்வைப் பறிப்பது பரிகாரமாகாது. கையளிப்பைச் சீர்செய்வதே பரிகாரம்.

அது இயலும் என்பதை 2014இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. ஒன்பது வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளில், கையளிப்புக்கு ஐந்து படிகள் வகுத்துப் பயிற்சியளித்தார்கள். நோயின் கடுமை, நோயாளரின் நிலைச் சுருக்கம், இனிச் செய்யவேண்டியவை, நேரக்கூடியதும் நேர்ந்தாற் செய்யவேண்டியதும், இறுதியாகக் கேட்டவர் தாம் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லுதல் என்பன அவை. மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன. வாய்மொழிக் கையளிப்புக்குக் குறிப்பிடத்தக்க மேலதிக நேரமும் செலவாகவில்லை.

ஐந்தாவது படியே நமது சிந்தனைக்குரியது. மேலவர் கூறக் கீழவர் தலையசைக்கும் இடத்தில் செய்தி பிழைப்பதில்லை. கேட்பவருக்கு வினவும் உரிமையும், சொல்பவருக்குச் சொல்லி முடிக்கும் அவகாசமும் வேண்டும். கடமை முடிந்த களைப்பில், வாசற்படியில் நின்று சொல்லும் இரண்டு வார்த்தைகளாகக் கையளிப்பு இருக்கும்வரை, தவறு நேர்ந்தபின் ஒரு தாதியையோ இளம் வைத்தியரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் எவருயிரும் மீளாது. கையளிப்பும் கடமையின் ஒரு பகுதியே. அதற்குரிய நேரமும் ஊதியத்துக்குரிய வேலை நேரமே. இதனை ஏற்கும் நிருவாகமே நோயாளருக்கும் உழைப்பவருக்கும் ஒருங்கே நீதி செய்வதாகும்.