ஒன்பதே கால் ரூபாய்

1982-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி டில்லியில் நடந்த ஹாக்கிப் பந்தயத்தைப் பற்றி இன்றைக்கும் வருத்தத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. பாகிஸ்தான் ஏழு கோல், நாம் ஒன்று. நேற்றுத்தான் வீட்டில் களவு போனதுபோல் அவர்கள் முகம் வாடிவிடும். அதே ஆசிய விளையாட்டு விழாவைச் சேர்ந்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது ஒன்பதே கால் ரூபாய்க் கணக்கு. வக்கீல்களையும் சட்டக் கல்லூரி மாணவர்களையும் தவிர வேறு யாரும் அதை ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. எனக்கென்னவோ கோல் கணக்கைவிட இந்தக் கணக்குத்தான் நாவலுக்குரிய விஷயமாகப் படுகிறது.

விழாவை டில்லியில் நடத்துவதென்று 1976-லேயே முடிவாகிவிட்டது. அடுத்த வருஷம் பதவிக்கு வந்த ஜனதா சர்க்காருக்கு இதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மறுபடியும் பிரதமரான பிறகுதான் அவசரம் பிறந்தது. விழாத் தேதியோ 1982 நவம்பர் 19. முகூர்த்தத்தைக் குறித்து, பத்திரிகையும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டின கதைதான்! எழுபத்தையாயிரம் பேர் உட்காரக்கூடிய ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், தல்கத்தோராவில் நீச்சல் குளம், ஆட்டக்காரர்கள் தங்க ஒரு கிராமம், மேம்பாலங்கள், ஹோட்டல்கள் என்று நகரமே தோண்டிப் போடப்பட்டது. இவற்றில் யமுனைக் கரையில் எழுந்த இந்திரப்பிரஸ்த உள்ளரங்கம் விசேஷமானது. இருபத்தையாயிரம் பேருக்கு இடம். நடுவே சப்தம் புகாத தடுப்பை இட்டால் ஒரே அரங்கு இரண்டாகிவிடும். இந்தப் பக்கம் ஒரு போட்டி, அந்தப் பக்கம் ஒரு போட்டி.

இத்தனைக்கும் மண் சுமந்தவர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிஸ்ஸா முதலிய இடங்களின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வந்தவர்கள் என்பதைவிடக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதே சரி. கொண்டுவந்தவன் ஜமாதார். சர்க்கார் கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்கும். கான்ட்ராக்டர் ஜமாதாரிடம் ஆள் கேட்பார். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாள் ஒன்றுக்கு ஒன்பதே கால் ரூபாய். ஜமாதார் அதில் ஒரு ரூபாயைத் தன் கமிஷனாக எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். பெண்பிள்ளைகளுக்கு ஏழு ரூபாய்தான் கையில் வரும்.

தமிழனுக்கு இந்த ஜமாதாரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் ஜனங்களைக் கப்பலேற்றிய கங்காணியின் உடன்பிறப்பு அவன். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்து நிர்வாகம் கொடுக்கும். தொழிலாளியின் கடனைக் காகிதத்தில் எழுதி, அவனையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை இலங்கையில் 1921-ல்தான் ஒழிந்தது. கங்காணிக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் தலைக்காசைத் தோட்டத்துக்காரனாவது தன் பெட்டியிலிருந்து கொடுத்தான். சுதந்திர இந்தியாவின் தலைநகரில் அந்தக் காசு கூலிக்காரன் மடியிலிருந்தே போயிற்று.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு இந்த வேலைத்தலங்களைப் போய்ப் பார்க்க மூன்று சமூக ஆராய்ச்சியாளர்களை ஏற்பாடு செய்தது. அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் போயிற்று. அந்தக் கடிதமே மனுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சர்க்கார் தரப்பில் சொன்ன சமாதானங்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முதலாவது, கஷ்டப்பட்டவன் கூலிக்காரன், மனுப்போட உங்களுக்கு என்ன பாத்தியதை? இரண்டாவது, இவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், எங்கள் ஆட்கள் அல்ல. மூன்றாவது, குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாதென்ற 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஜாபிதாவில் கட்டட வேலை சேர்க்கப்படவில்லை. அதாவது, செங்கல் சுமக்கும் பையனுக்குப் பத்து வயதானாலும் சட்டம் மீறப்படவில்லை!

செப்டம்பர் 18-ஆம் தேதி, விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பகவதியும் பஹருல் இஸ்லாமும் தீர்ப்பளித்தார்கள். ஏழைக்குக் கோர்ட்டு வாசல் வரை வர வழியில்லை; அவனுக்காக வேறொருவர் வரலாம். கான்ட்ராக்டரைக் காட்டி சர்க்கார் ஒதுங்க முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை அபாயகரமான வேலையில் வைக்கக்கூடாதென்று அரசியல் சட்டத்தின் 24-ஆவது ஷரத்தே சொல்கிறது. கட்டட வேலை அப்படிப்பட்டதுதான். ஜாபிதாவில் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? கூலியை முழுதாகத் தொழிலாளி கையிலேயே கொடுக்கவேண்டும். ஜமாதாருக்குக் கமிஷன் தருவதானால் கான்ட்ராக்டர் தன் பணத்தில் தரட்டும்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்த இடம் 23-ஆவது ஷரத்தைப் பற்றிய பகுதி. கட்டாய உழைப்பை அந்த ஷரத்து தடுக்கிறது. இவர்களை யாரும் கட்டி இழுத்து வரவில்லையே, தாமாகத்தானே வந்தார்கள்? பசியும் வறுமையும் ஒருவனுக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிட்டால், அதுவும் பலாத்காரந்தான் என்றது கோர்ட்டு. சட்டம் விதித்த கூலிக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு எவனும் மனமுவந்து உழைப்பதில்லை. ஆகவே அது கட்டாய உழைப்பே.

பழவேற்காடு ஏரிக்குள் பசியாவரம் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. 'பசியா வரம்' என்று பிரித்துப் படிக்கத் தோன்றும். அதுதான் பெயர்க் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. தீர்ப்பைப் படித்தபோது அந்தப் பெயர் மனத்தில் வந்து நின்றது. அந்த ஏரியில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. வலைபோடும் இடங்களைச் சில ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. நடுவே கமிஷன்காரன் கிடையாது. இதிலும் சச்சரவு இல்லாமலில்லை. பாட்டு உரிமை இல்லாதவர்களுக்கு நியாயமான மனக்குறை உண்டு. ஆனாலும் முகம் தெரிந்தவர்கள் கூடிப் பேசக்கூடிய ஊரில் இது சாத்தியம். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் பாஷை தெரியாத நகரத்தில் சாக்குக் குடிசையில் படுத்திருப்பவன் யாரோடு கூடிப் பேசுவான்?

வெளி மாகாணத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்திருந்தது. டில்லியில் அதற்கான விதிகள் 1982 ஜூனில்தான் வெளியாயின. அதற்குள் தூண்களெல்லாம் எழும்பிவிட்டன. சட்டத்தை மீறி அகப்பட்டவர்களுக்கு மாஜிஸ்டிரேட்டுகள் விதித்துவந்த அபராதமும் அற்பத் தொகைதான். இப்படி அற்ப அபராதத்தோடு விட்டால் தொழிலாளர் சட்டங்களை யார் மதிப்பார்கள் என்று கோர்ட்டு வருந்தியது. சரக்கு வண்டிக்குச் சுங்கம் கட்டுவதுபோல அபராதத்தையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வருத்தம் எந்த மூலைக்கு?

விழா குறித்த தேதியில் கோலாகலமாக நடந்தது. ரவிசங்கர் இசையமைத்த வரவேற்புப் பாட்டு ஒலித்தது. வால்சம்மா தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கினார், பி. டி. உஷாவுக்கு இரண்டு வெள்ளி. கட்டட வேலையில் குழந்தைகளை வைக்கக்கூடாதென்று 1986-ல் பார்லிமெண்டு சட்டத்திலேயே எழுதியது. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1996-ல் வந்தது.

2010-ல் காமன்வெல்த் விளையாட்டு விழா டில்லிக்கு வந்தது. அதே மக்கள் சங்கம் மறுபடியும் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. இம்முறை டில்லி ஹைகோர்ட்டு. கோர்ட்டு நியமித்த கமிட்டி வேலைத்தலங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழிலாளர் சட்டங்கள் மீறப்படுகின்றன என்று அறிக்கை கொடுத்தது. அந்த விழாவுக்காகப் புதுப்பிக்கப்பட்ட மைதானங்களில் ஒன்று, 1982-ல் கட்டிய அதே ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம்.