ஐந்து பேரில் இல்லாதவர்

கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், 'ஐந்து பொசிஷனுக்கும் ஆல் டைம் பெஸ்ட் யார்? ஆளுக்கு ஒரு லிஸ்ட் போடுங்க' என்று கொளுத்திப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். திரும்பி வரும்போதும் சண்டை ஓய்ந்திருக்காது!

ஒரு டீமுக்குக் களத்தில் ஐந்து பேர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர் பாயின்ட் கார்டு. தள்ளி நின்று குறிபார்க்கிறவர் ஷூட்டிங் கார்டு. பக்கவாட்டிலிருந்து பாய்கிறவர் ஸ்மால் ஃபார்வர்டு. கூடைக்குப் பக்கத்தில் முட்டி மோதுகிறவர் பவர் ஃபார்வர்டு. கூடைக்கு அடியில் மலை மாதிரி நிற்கிறவர் சென்டர். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளை எடுத்துக்கொண்டால் மேஜிக் ஜான்சன், மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ், டிம் டங்கன் என்று முதல் நாலு பெயர் ஓரளவு அமைதியாகவே வந்துவிடும் (ஸ்டீஃபன் கறி ரசிகர்கள் மன்னிக்கவும்). ஐந்தாவது நாற்காலியில்தான் ரகளை. கரீம் அப்துல் ஜபாரா, வில்ட் சேம்பர்லினா, பில் ரஸ்ஸலா?

இதில் சேம்பர்லின் - ரஸ்ஸல் தகராறுக்கு வயது அறுபதுக்கு மேல். 1961-62 சீசனில் இதற்கு ஓட்டெடுப்பே நடந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒரே சீசன், அதே இரண்டு பேர்... தீர்ப்பு மட்டும் நேரெதிர்!

முதல் ஓட்டு பத்திரிகைக்காரர்களுடையது. அந்த சீசனின் சிறந்த ஐந்து பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐந்து பேரைப் பாருங்கள், மூச்சு முட்டும்.

கார்டு இடத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன். ஒரு மேட்சுக்குச் சராசரி 30.8 பாயின்ட், 12.5 ரீபவுண்ட், 11.4 அஸிஸ்ட். மூன்றிலும் இரட்டை இலக்கம்! இன்று இதை 'ட்ரிபிள் டபுள்' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு அந்த வார்த்தையே புழக்கத்தில் இல்லை. ஒரு முழு சீசனுக்கு இன்னொருவர் இதைச் செய்ய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கார்டு, ஜெர்ரி வெஸ்ட். அவருக்கும் அதே 30.8 பாயின்ட். என்.பி.ஏ. சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளை உருவம் இருக்கிறதே, அது இவரைப் பார்த்து வரைந்ததுதான்.

ஃபார்வர்டு எல்ஜின் பெய்லரின் கதை சினிமா மாதிரி. அந்த வருஷம் அவருக்கு ராணுவ சேவை. வாஷிங்டன் மாநிலத்தில் முகாம். வார இறுதியில் லீவு கிடைத்தால் ஓடிவந்து லேக்கர்ஸுக்கு ஆடிவிட்டு, திரும்பவும் முகாமுக்கு ஓட வேண்டும். பிராக்டீஸ் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆடியது 48 மேட்ச்தான். சராசரி? 38.3!

இன்னொரு ஃபார்வர்டு, செயின்ட் லூயிஸ் ஹாக்ஸின் பாப் பெட்டிட். சராசரி 31.1.

சென்டர் இடத்தில் வில்ட் சேம்பர்லின். ஏழடிக்கு மேல் உயரம். சராசரி 50.4 பாயின்ட். அச்சுப்பிழை இல்லை, ஐம்பதேதான். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவில், சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊரில் நியூயார்க்குக்கு எதிராகத் தனியாளாக 100 பாயின்ட் எடுத்தார். ஒரு மேட்சுக்கு 48 நிமிடம்தான். அந்த சீசனில் அவர் ஆடிய சராசரி நேரம் 48.5 நிமிடம்! எக்ஸ்ட்ரா டைம் உட்படக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை என்று அர்த்தம்.

இப்படி ஒரு ஆள் இருக்கும்போது அந்த இடத்துக்குப் போட்டி ஏது? பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலுக்கு இரண்டாவது டீமில்தான் இடம் கிடைத்தது.

சரி, இரண்டாவது ஓட்டு? அந்தக் காலத்தில் 'மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்' விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்களே. தினமும் இவர்களுக்கு எதிரில் நின்று இடி வாங்கியவர்கள். 50 பாயின்ட் சராசரியை அவர்களும் பார்த்தார்கள். ட்ரிபிள் டபுளையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டது... 18.9 பாயின்ட் சராசரி வைத்திருந்த ரஸ்ஸலுக்கு!

பத்திரிகைகளின் முதல் ஐந்து பேரில் இல்லாதவர், ஆட்டக்காரர்கள் கணக்கில் நம்பர் ஒன்!

காரணம் அவர் ஆடிய விதம். எதிராளி பந்தைக் கூடைக்கு எறியும்போது எகிறிக் குதித்துத் தடுப்பதை 'பிளாக்' என்பார்கள். பலபேர் பந்தைக் காலரிக்கே அடித்து அனுப்பிக் கைதட்டல் வாங்குவார்கள். பந்து வெளியே போனால் திரும்ப எதிரணிக்குத்தானே கிடைக்கும்? ரஸ்ஸல் அதை மெதுவாகத் தட்டித் தன் ஆள் பக்கம் விழ வைப்பார். அங்கிருந்து பாஸ்டன் ஓட ஆரம்பிக்கும். எதிரணியின் இரண்டு பாயின்ட் போச்சு, நமக்கு இரண்டு பாயின்ட் ஆச்சு. பேரேட்டில் எழுதும்போது கூடையில் போட்டவர் பெயர்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், என்.பி.ஏ. பிளாக்குகளை எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-ல். அதாவது, அவர் எதில் மன்னரோ அந்தப் பத்தியே அவர் காலத்துக் கணக்கு நோட்டில் கிடையாது. எதிரே நின்றவர்களுக்குத்தான் தெரியும், 'இவன் இருக்கிறான்' என்ற பயத்தில் எறியாமல் விட்ட பந்துகள் எத்தனை என்று. அது இன்றைக்கும் எந்த நோட்டிலும் வருவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த சீசன் தொடங்கும் முன், 1961 அக்டோபரில், கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பாஸ்டனுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ஒரு காட்சிப் போட்டி. தங்கியிருந்த ஹோட்டலின் காபி ஷாப்பில் சாம் ஜோன்ஸ், சாட்ச் சாண்டர்ஸ் இருவருக்கும் சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். கறுப்பர்கள் என்ற ஒரே காரணம். ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எதிரணியின் கறுப்பின வீரர்களும் ஆடவில்லை. வெள்ளையர்கள் மட்டும் ஆடி முடித்தார்கள். இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு ஹோட்டல் இடம் தர மறுத்தபோது, எல்ஜின் பெய்லரும் மேட்ச் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பாயின்ட் கணக்கில் அது வெறும் ஆடாத மேட்ச்.

அந்த சீசன் எப்படி முடிந்தது? பாஸ்டன் 60 மேட்ச் ஜெயித்தது. அதுவரை எந்த டீமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கிழக்குப் பகுதி இறுதியில் சேம்பர்லினின் ஃபிலடெல்ஃபியாவோடு ஏழு மேட்ச். ஏழாவதில் ஐம்பது பாயின்ட் நாயகரை 22-ல் நிறுத்திவிட்டு, 109-107 என்று இரண்டே பாயின்ட்டில் பாஸ்டன் தப்பியது. பிறகு ஃபைனல். எதிரே வெஸ்ட், பெய்லர் இருவரும் இருந்த லேக்கர்ஸ். ஐந்தாவது மேட்ச்சில் பெய்லர் 61 பாயின்ட் விளாசியும், தொடர் ஏழாவது மேட்ச் வரை போனது. ஆட்டம் 100-100. கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அதைப் பிடித்தவர் ரஸ்ஸல். எக்ஸ்ட்ரா டைமில் 110-107. அன்று அவர் எடுத்தது 30 பாயின்ட், 40 ரீபவுண்ட். 13 சீசனில் 11 சாம்பியன் பட்டம் வாங்கியவருக்கு அது ஐந்தாவது. சேம்பர்லினுக்கு வாழ்நாள் மொத்தமும் இரண்டு.

'பட்டம் டீமுக்குத்தானே, தனி ஆளுக்கு எப்படிச் சேரும்?' என்று சேம்பர்லின் கட்சி கேட்கும். நியாயமான கேள்விதான். பாஸ்டனில் ரஸ்ஸலோடு ஆடியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனால், எதிரில் ஆடியவர்கள் ரகசியமாகப் போட்ட ஓட்டுக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அடி வாங்கியவனுக்குத்தானே தெரியும், எந்தக் கை கனம் என்று!

ரஸ்ஸலோ பட்டியல்களையே சந்தேகமாகப் பார்த்தவர். 1975-ல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது விழாவுக்குப் போகவில்லை. மோதிரத்தையும் வாங்கவில்லை. தனக்கு முன்னால் ஆடிய கறுப்பின வீரர்கள் வெளியே நிற்கும்போது தான் முதலில் உள்ளே போகக்கூடாது என்பது அவர் எண்ணம். அவர்களில் ஒருவர் சக் கூப்பர். 1950-ல் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பினத்தவர். தேர்ந்தெடுத்தது இதே பாஸ்டன்தான். கூப்பருக்கு அந்த மரியாதை 2019-ல்தான் கிடைத்தது, அவர் இறந்து 35 வருஷம் கழித்து.

அதே 2019-ல், 85 வயதில், பில் ரஸ்ஸல் தன் மோதிரத்தை வாங்கிக்கொண்டார்.