களைக்கொல்லி எச்சமும் தாம்பரம் வட்டாரக் குடிநீரும்

வயலிலும் தோட்டத்திலும் காலி மனையிலும் புல் பூண்டை அழிக்கத் தெளிக்கும் மருந்தில் சிதையாமல் மிஞ்சி, மழையோடும் பாசன நீரோடும் ஏரி, ஆறு, கிணறுகளில் சேரும் பகுதியே களைக்கொல்லி எச்சம். உழவர் வழக்கில் களைக்கொல்லி 'களை மருந்து'. குடிநீரில் இதன் அளவை லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் சொல்வார்கள்; ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத அளவு அது.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயின. நிர்வாகம் ஒன்றானாலும் தண்ணீர் ஒன்றாகவில்லை. பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து குழாயில் வருவது ஒன்று. மாடம்பாக்கம் ஏரிக் கிணறுகள் போன்ற உள்ளூர் ஊற்று இன்னொன்று. வீட்டு போர், தனியார் லாரி, இருபது லிட்டர் கேன் என்று மீதி. ஒரே வீட்டில் குளிக்க ஒரு தண்ணீர், சமைக்க ஒன்று, குடிக்க ஒன்று என்பது இங்கே சாதாரணம். ஆகவே 'தாம்பரம் தண்ணீர் எப்படி?' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தத் தண்ணீர் என்று முதலில் கேட்க வேண்டும்.

வந்து சேரும் வழி

பாலாறு குழாய்க்கு வருமுன் நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டங்களைக் கடக்கிறது. நடவு முடிந்த சில நாளில் பூட்டாகுளோரை மணலில் கலந்து, மெல்லிய நீர் நிற்கும் வயலில் தூவுவது தமிழ்நாட்டு நெல் வேளாண்மையில் நெடுநாள் பழக்கம். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அட்ரசின், அகன்ற இலைக் களைக்கு 2,4-டி, வரப்புக்கும் தரிசுக்கும் கிளைபோசேட். எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கிளைபோசேட் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். 2,4-டியை மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் தின்று தீர்க்கும். அட்ரசின் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்துவிட்டால் எளிதில் சிதையாது. உலகெங்கும் குடிநீர்ப் பிரச்சினையில் அதன் பெயர் அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம் இதுதான்.

வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்ட புறநகரில் உழவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. தண்டவாளங்களில் களைக்கொல்லி தெளிப்பது இந்திய ரயில்வேயின் நடைமுறை. காலி மனையில் மண்டிய புல்லுக்கு ஆளை வைத்து வெட்டுவதைவிட மருந்து அடிப்பது மலிவு. லாரித் தண்ணீரோ பல நேரம் சுற்றுக் கிராமங்களின் பாசனக் கிணற்றிலிருந்தே நிரம்புகிறது. வயலுக்குப் பாய்ந்த நீர் திரும்பி இறங்கும் கிணறு அது.

இந்த வட்டாரத்துக்கு ரசாயன மாசு புதிதல்ல. குரோம்பேட்டையின் பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. பக்கத்து நாகல்கேணியின் தோல் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரில் விட்டுச் சென்ற குரோமியம் பல ஆய்வுகளில் பதிவானது. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிர்களும் போயின. குழாய் நீரில் கழிவுநீர் கலந்ததா என்பதே அப்போது எழுந்த கேள்வி. கிருமி மறுநாளே ஆளைப் படுக்கவைக்கும். எச்சம் அப்படிச் செய்யாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் மறியல் செய்வதில்லை.

இரண்டு அளவுகோல்

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு, லிட்டருக்கு அட்ரசின் 2 மைக்ரோகிராம், ஐசோபுரோட்டுரான் 9, அலகுளோர் 20, 2,4-டி 30, பூட்டாகுளோர் 125 வரை இருக்கலாம் என்கிறது. கேன் தண்ணீருக்கான ஐ.எஸ். 14543 தரத்தில் கதை வேறு. தில்லி, மும்பை பாட்டில் நீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை 2003 பிப்ரவரியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டதும் நாடே அதிர்ந்தது. ஐரோப்பிய அளவை அப்படியே எடுத்து, எந்த ஒரு மருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.5ஐத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். ஆக, கேனில் அனுமதிப்பதைப் போல 300 மடங்கு 2,4-டியும் 1,250 மடங்கு பூட்டாகுளோரும் குழாயில் வரலாம். காசு கொடுத்து வாங்குபவருக்கு ஒரு கணக்கு, தெருக்குழாயில் பிடிப்பவருக்கு ஒரு கணக்கு. குழாயின் அளவுகள் பெரும்பாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் உடல்நலக் கணக்கை ஒட்டியவை, எனவே அவை ஆபத்தானவை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் சொல்வது கடினம்.

பட்டியலும் பழசாகிவிட்டது. அலகுளோரை 2020 இறுதியோடு மத்திய அரசு தடை செய்துவிட்டது. 2012 பட்டியலில் அது இருக்கிறது. கடையில் கிடைக்கும் கிளைபோசேட்டுக்கு அதில் இடமே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. 2022 அக்டோபரில் பூச்சி ஒழிப்புப் பணியாளர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உழவர்களைத் தாக்கும் காரணம் புலப்படாத சிறுநீரக நோய்க்கு, கடின நீரோடு சேர்ந்த கிளைபோசேட் காரணமாகலாம் என்ற கருத்து 2014இல் வந்தது. 2015இல் அந்நாடு தடை விதித்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. நோயின் காரணம் பற்றிய விவாதம் முடியவில்லை. அமெரிக்காவில் அட்ரசினை வடிகட்ட ஆன செலவைக் கேட்டு நீர் வழங்கும் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 2012இல் அதைத் தயாரித்த சின்ஜென்டா நிறுவனம் 10.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

காய்ச்சினால் கிருமி சாகும், களைக்கொல்லி சாகாது. நீர் ஆவியாவதால் சற்று அடர்த்தியாகவும் கூடும். படிகாரம், மணல் வடிப்பு, கேண்டில் ஃபில்டர் எதுவும் பெரிதாக உதவாது. குளோரினும் அட்ரசினை ஒன்றும் செய்யாது. கிளர்வூட்டிய கரியும் ஆர்.ஓ. சவ்வும் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

தெருக்குழாயில் ஊழியர் பார்ப்பது மிஞ்சிய குளோரினை. வழக்கமான ஆய்வக அறிக்கை சொல்வது கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், கிருமி. களைக்கொல்லிக்கு விலை உயர்ந்த வேறு கருவி வேண்டும். மாதிரியையும் பெரும்பாலும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் குளிரில் வைத்துக் கொடுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் தண்ணீர் சோதனைக்குக் கொடுக்கும்போது விண்ணப்பத்தில் 'களைக்கொல்லி எச்சம்' என்று தனியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.