ஒரே அறை, இரண்டு மைக்: என்டி-1 வாங்கலாமா, என்டி-2ஏ வாங்கலாமா?

"எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரே ஒரு மைக் சொல்லுங்க." வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காலையில் பாட்டு, மதியம் விளம்பரத்துக்குக் குரல், ஞாயிற்றுக்கிழமை நண்பர் மிருதங்கத்தோடு வருவார். மூன்றுக்கும் ஒரே மைக், ஒரே செலவு என்பது நியாயமான ஆசை. ஆனால் மைக் செய்கிறவர்கள் அந்த 'எல்லாத்துக்கும்' என்பதற்கு இரண்டு விதமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரே வேலையைச் சுத்தமாகச் செய்யும் மைக். எதன் முன்னால் வைத்தாலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மற்றது, பொத்தானைத் தள்ளினால் கேட்கும் திசையையே மாற்றிக்கொள்ளும் மைக்.

சிட்னியில் இருக்கும் ரோட் நிறுவனம் இரண்டையும் செய்கிறது. என்டி-1 முதல் வகை, என்டி-2ஏ இரண்டாவது வகை. இரண்டிலும் ஒரு அங்குல கேப்ஸ்யூல், இரண்டும் கண்டென்சர், இரண்டுக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலிருந்து வரும் 48 வோல்ட் பேன்டம் பவர் போதும். விலை என்டி-2ஏ-வுக்குத்தான் கூடுதல். இங்கே நான் சொல்லும் என்டி-1, 2013-ல் வந்த கறுப்பு நிற மாடல்.

விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது சுய இரைச்சல். யாரும் வாய் திறக்காதபோதும் மைக்கின் மின்சுற்று மெல்லிய 'ஸ்ஸ்' ஒன்றை எழுப்பிக்கொண்டே இருக்கும். என்டி-1-ல் அது 4.5 டெசிபல், என்டி-2ஏ-வில் 7. இந்த இரண்டரை டெசிபலுக்காக இணையத்தில் நடக்கும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. நம் வீடுகளில் ஜன்னலைச் சாத்திய படுக்கையறைகூட நள்ளிரவில் 25, 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஃபேன் போட்டால் கேட்கவே வேண்டாம். அறையின் சத்தம் அவ்வளவு மேலே நிற்கும்போது நாலரைக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பதிவிலும் காதில் விழப்போவதில்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர், தன்னிடம் இல்லாத ஓர் அறைக்காக மைக் வாங்குகிறார்.

அதைவிட நடைமுறையில் உறைப்பது மைக் வெளித்தள்ளும் மின்னழுத்தம். ஒரே அளவு சத்தத்துக்கு என்டி-1 தருவது 35 மில்லிவோல்ட், என்டி-2ஏ 16. சுமார் 7 டெசிபல் வித்தியாசம். மலிவு இன்டர்ஃபேஸ்களில் கெயினை முக்கால் வாசிக்கு மேல் திருகினால் இரைச்சல் தலைகாட்டும். வீணையோ முணுமுணுப்பான குரலோ என்றால் அவ்வளவு தூரம் திருகாமலே என்டி-1 வேலையை முடித்துவிடும். அதே பலம் தவிலுக்குப் பக்கத்தில் தொல்லையாகலாம். என்டி-1 தாங்கும் உச்சம் 132 டெசிபல், என்டி-2ஏ-வுக்கு 147. இரண்டுமே பெரிய எண்கள்தான். வீட்டில் மைக் திணறுவதற்கு முன் இன்டர்ஃபேஸ் திணறிவிடும். அந்த நேரத்துக்கென்று என்டி-2ஏ-வின் உடம்பிலேயே 5, 10 டெசிபல் குறைக்கும் 'பேட்' பொத்தான் இருக்கிறது. என்டி-1-ல் பொத்தானே கிடையாது. மைக்கைப் பின்னால் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், கூடவே அறையின் எதிரொலியும் கொஞ்சம் ஏறிவரும்.

40 அல்லது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் இன்னொரு பொத்தானும் என்டி-2ஏ-வில் உண்டு. தெருவில் லாரி போனால் எழும் உறுமலை அது தடுக்கும். ஆனால் அதே வெட்டைப் பதிவு முடிந்தபின் கணினியில் இரண்டு நொடியில் செய்யலாம். ஆக, பேட் இல்லையென்றால் மைக்கை நகர்த்தலாம், வெட்டும் பொத்தான் இல்லையென்றால் மென்பொருள் இருக்கிறது. பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாதது மூன்றாவது பொத்தான் ஒன்றுதான்: மைக் எந்தத் திசையைக் கேட்கிறது என்பது. என்டி-2ஏ-வுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உண்மையில் இந்த ஒன்றுக்கு.

என்டி-1 கேட்பது கார்டியாய்டு வடிவத்தில் மட்டும். முன்னால் இருப்பதை நன்றாகவும் பக்கவாட்டில் 6 டெசிபல் குறைத்தும் கேட்கும், பின்னால் இருப்பதைக் கிட்டத்தட்ட கேட்காது. என்டி-2ஏ-வின் கேப்ஸ்யூலில் முதுகோடு முதுகாக இரண்டு டயஃப்ரம். ஒன்றை மட்டும் எடுத்தால் கார்டியாய்டு. இரண்டையும் கூட்டினால் எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் முன்னும் பின்னும் சமமாகக் கேட்டு, பக்கவாட்டில் செவிடாகும் 'ஃபிகர் எட்டு'.

ஆம்னிக்கு நம் வீடுகளில் வேலை குறைவு. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அந்தச் சிதறலை ஆம்னி வாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கார்டியாய்டு வாங்கும். ஆம்னியை ஓரடியில் வைத்தால் வரும் எதிரொலி, கார்டியாய்டில் ஒன்றே முக்கால் அடி தள்ளி வைத்தால்தான் வரும். நெருங்கிப் பாடும்போது குரலில் ஏறும் கனம் ஆம்னியில் அநேகமாக இருக்காது, தலையை ஆட்டி ஆட்டிப் பாடுபவருக்கு அது ஒரு வசதி. அந்த ஒன்றுக்காக அறை முழுவதையும் பதிவுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டுமா என்பது என் சந்தேகம்.

ஃபிகர் எட்டு கதை வேறு. முன்னும் பின்னும் கேட்கிறதே, எதிரொலி இரட்டிப்பாகுமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் அறைச் சிதறலில் அது வாங்குவதும் கார்டியாய்டைப் போல மூன்றில் ஒரு பங்குதான். பக்கவாட்டில் அறவே கேட்காமல் விடுவது, பின்னால் கேட்பதை ஈடுகட்டிவிடுகிறது.

ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுகிறவரை வைத்து இதைப் பார்க்கலாம். அவர் வாய்க்கு நேரே, ஒரு சாண் தள்ளி மைக். அதற்கு அநேகமாக நேர் கீழே ஆர்மோனியம். நிமிர்ந்து நிற்கும் மைக்குக்கு 'பக்கவாட்டு' என்பது இடம், வலம் மட்டுமல்ல, மேலும் கீழும்தான். கார்டியாய்டு என்றால் கீழே இருக்கும் ஆர்மோனியம் 6 டெசிபல் மட்டும் குறைந்து, குரலோடு சேர்ந்தே பதிவாகும். பிறகு குரலை ஏற்றினால் ஆர்மோனியமும் ஏறும். ஃபிகர் எட்டில் ஆர்மோனியம் இருப்பது மைக் செவிடாக இருக்கும் திசை. கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து அந்தத் திசையைச் சரியாகப் பிடித்துவிட்டால், நேராக வரும் ஒலி பெரும்பாலும் விழாது. சுவரில் பட்டுத் திரும்பும் மிச்சம் மட்டும் கேட்கும். கிட்டாரோடு பாடுபவருக்கும் இதே வழி, மைக்கை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து பாடும் இருவரை ஒரே மைக்கில் பிடிக்கலாம் என்பது உபரி. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மைக்கின் பின்புறம் வெறும் சுவராக இருக்கக் கூடாது, கனத்த மெத்தையோ ரஜாயோ தொங்க வேண்டும். காற்றுக்கும் ஃபிகர் எட்டு சீக்கிரம் படபடக்கும். மேலே சுழலும் ஃபேன் அது கேட்காத திசையில் இருந்தாலும், ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அறையில் ஒரு நேரத்தில் ஒரே ஒலிதான் எழும் என்றால் நான் என்டி-1 பக்கம்தான். குரல்பதிவு செய்பவர், தம்பூராவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தனியாகப் பாடுபவர், ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கிப் பதிவு செய்பவர் எல்லாரும் மிச்சமாகும் பணத்தை அறைக்குச் செலவழிக்கலாம். மிருதங்க நண்பர் தனியாக வாசிக்கும்வரை அவருக்கும் என்டி-1 போதும். நீங்கள் பாட அவர் கூடவே வாசிப்பது வழக்கமென்றால் அந்த மூன்றாவது பொத்தானுக்கு விலை கொடுக்க வேண்டியதுதான். இன்டர்ஃபேஸே இன்னும் வாங்காதவர் 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறை என்டி-1-ஐயும் பார்க்கட்டும். அதில் வழக்கமான எக்ஸ்எல்ஆரோடு யுஎஸ்பியும் இருப்பதால் நேரே கணினியில் செருகிப் பதிவு செய்யலாம்.

என்டி-2ஏ-வைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்டாண்டுக்கும் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும். அதன் எடை 860 கிராம், என்டி-1 கிட்டத்தட்ட அதில் பாதிதான். கடையில் இலவசமாகத் தரும் ஒல்லி பூம் ஸ்டாண்டில் மாட்டினால், நீங்கள் பல்லவியை முடிப்பதற்குள் அது மெல்லத் தலைகுனிந்து ஆர்மோனியத்தைக் கேட்க ஆரம்பித்துவிடும்.